கவிதையில் நாவல், கொங்குப் பேச்சு, பதின்ம வயது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதின்மூன்றிலிருந்து பதினெட்டு வயது வரை உள்ளவர்களுக்காகக் கவிதையில் நாவல் எழுதுகிறேன். இருப்பது காங்கயம் பக்கம். பள்ளிகளில், ஆகஸ்ட் மாத ஈரோடு புத்தகத் திருவிழாவில், வாட்ஸப்பில் என்று திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். என் இரண்டு புத்தகங்களையும் யாரும் தலைப்பு சொல்லிக் கேட்பதில்லை. பத்தாவது முடித்து நூற்பாலை விடுதிக்குப் போகும் பெண்ணின் கதை ‘மில் கதை’, நொய்யல் கரையில் வளரும் அண்ணன் தம்பி கதை ‘ஆத்துக் கதை’. இங்கேயும் அப்படியே சொல்கிறேன்.

கவிதை நாவல் என்றால் என்ன? அது கவிதைத் தொகுப்பா, நாவலா?

நாவல். ஆட்கள் உண்டு, சிக்கல் உண்டு, காலம் நகரும், கடைசியில் ஏதோ ஒன்று மாறியிருக்கும். அதைப் பத்தி பத்தியாகச் சொல்லாமல் சின்னச் சின்னக் கவிதைகளாகச் சொல்கிறோம், அவ்வளவுதான். தொகுப்பு என்றால் நடுவில் எந்தப் பக்கத்தைத் திறந்தும் படிக்கலாம். இதில் நடுப்பக்கத்தை உருவிக் கையில் கொடுத்தால் பாதிதான் புரியும். கடைக்காரர்கள் கவிதை அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். அந்த அலமாரிப் பக்கம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை எதற்கு வரப்போகிறது?

உரைநடையில் எழுதியிருந்தால் இன்னும் நிறையப் பேர் படிப்பார்களே?

நான் பார்த்தது நேர்மாறாக இருக்கிறது. அரசுப் பள்ளி நூலகத்தில் முந்நூறு பக்க நாவலைக் கையில் எடுத்து, ஒரு புரட்டு புரட்டி, எழுத்து அடர்ந்திருப்பதைப் பார்த்ததும் வைத்துவிடும் பிள்ளைகள்தான் அதிகம். அதே பிள்ளைகள் மில் கதையைத் திறந்ததும், ‘ஒரு பக்கத்துக்கு இவ்வளவுதானா’ என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். உட்கார்ந்தால் போதும், மிச்சத்தைக் கதை பார்த்துக்கொள்ளும்.

ஆனால் அதற்காக மட்டும் இந்த வடிவத்தைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. பதினைந்து வயதில் யாரும் தன் மனதை விளக்கிச் சொல்வதில்லை. ‘என்னாச்சு?’ என்றால் ‘ஒண்ணுமில்லீங்க’. அந்த ‘ஒண்ணுமில்லீங்க’வுக்குள்தான் நாவலே இருக்கிறது. உரைநடையில் நான் உட்கார்ந்தால், துக்கம் தொண்டையை அடைத்தது, கண்கள் பனித்தன என்று அவளுக்காக நானே பேச ஆரம்பித்துவிடுவேன். கவிதையில் அதற்கு இடமில்லை. அவள் சொன்னது வரியில் இருக்கும், சொல்லாதது பக்கத்தில் இருக்கும்.

உரைநடையை எழுதி, அங்கங்கே என்டர் தட்டினால் கவிதை ஆகிவிடுமா?

இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் தமிழாசிரியர்கள்தான் கேட்கிறார்கள், கொஞ்சம் கோபத்தோடு. கோபம் நியாயமானது. அப்படி என்டர் தட்டிய புத்தகங்கள் நிறைய வந்துவிட்டன. சோதிப்பது சுலபம்: வரிகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பத்தியாக்கிப் படியுங்கள். ஒன்றும் குறையவில்லை என்றால் அது பத்தியாகவே இருந்திருக்கலாம்.

மில் கதையிலிருந்தே ஒரு இடம். முதலில் நோட்டில் இப்படித்தான் இருந்தது:

வாரம் ஒரு தடவை வார்டன் அறையில் வைத்து வீட்டுக்குப் போன் பேச விடுவார்கள். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச வேண்டும். அம்மா சாப்பிட்டாயா, இளைத்துவிட்டாயா என்று கேட்டாள். தம்பி பள்ளிக்குப் போகிறான் என்றாள். நீ எப்போது வருவாய் என்று கேட்க வந்து, கேட்காமல் வைத்துவிட்டாள்.

தகவல் எல்லாம் இருக்கிறது. படித்தால் ஒன்றும் ஆகவில்லை. கடைசி வாக்கியம்தான் கெடுக்கிறது: அம்மா என்ன நினைத்தாள் என்று நானே முந்திக்கொண்டு சொல்லிவிட்டேன். புத்தகத்தில் வந்தது இது:

“ஸ்பீக்கர்ல போடு”ங்கறாங்க வார்டன்.

சாப்ட்டயா கண்ணு?
சாப்ட்டனுங்மா.

எளச்சுட்டயா?
இல்லீங்மா.

தம்பி?
போறான்.

நீ
எப்ப

வார்டன் கடியாரத்தப் பாக்கறாங்க.

வெக்கட்டுமா கண்ணு.

‘நீ எப்ப’ என்பதை ஒரே வரியில் போடலாமா, இரண்டாக்கலாமா என்பதுதான் இந்தப் பக்கத்தில் என்னை ரொம்ப நேரம் உட்கார வைத்தது. ஒரே வரியில் போட்டால், அம்மா கேட்க வந்தாள், வார்டன் பார்வை குறுக்கே வந்து வெட்டிவிட்டது. இரண்டாக உடைத்தால், ‘நீ’ என்று ஆரம்பித்த உடனேயே அம்மாவுக்குத் தயக்கம் வந்துவிட்டது; கேட்டால் பிள்ளை அழுதுவிடுமோ, ஸ்பீக்கரில் எல்லாரும் கேட்பார்களே என்ற யோசனை வந்துவிட்டது. வார்டனைக் குற்றவாளி ஆக்குவதா, அம்மாவின் தயக்கத்தைக் காட்டுவதா? கதைக்கு இரண்டாவதுதான் வேண்டியிருந்தது. இப்படி முடிவெடுக்க வேண்டிய இடம் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு மூன்றாவது இருக்கும். எந்த வரியை எங்கே உடைத்தாலும் ஒன்றுதான் என்றால், அந்தப் பக்கம் இன்னும் எழுதப்படவில்லை என்று அர்த்தம்.

கேள்விக்குறி ‘தம்பி?’யோடு நின்றுவிடுவதையும் பாருங்கள். ‘நீ எப்ப’வுக்குக் கேள்விக்குறி இல்லை. அது கேட்கப்படவே இல்லை.

இது அமெரிக்கச் சரக்குதானே? நமக்கு எதற்கு?

கடையில் ஒரு தனி அலமாரியாக, ‘இளையோருக்கான கவிதை நாவல்’ என்ற பெயரோடு வளர்ந்தது அங்கேதான். 1930களின் ஓக்லஹோமா புழுதிப் புயல் காலத்தை ஒரு பெண் பிள்ளையின் வாயால் கவிதையில் சொன்ன கேரன் ஹெஸ்ஸியின் ‘அவுட் ஆஃப் தி டஸ்ட்’ 1997இல் வந்தது. அடுத்த ஆண்டு அதற்கு, அமெரிக்காவில் சிறுவர் இலக்கியத்துக்குத் தரும் நியூபெரி பதக்கம் கிடைத்தது. 2018இல் வந்த எலிசபெத் அசெவெடோவின் ‘தி பொயட் எக்ஸ்’ அந்த ஆண்டு அமெரிக்காவின் தேசியப் புத்தக விருதையும், அடுத்த ஆண்டு இங்கிலாந்தின் கார்னகி பதக்கத்தையும் வாங்கியது. ஆகவே அங்கே இது ஓர் ஓரத்து முயற்சி இல்லை.

ஆனால் கதையைப் பாட்டில் சொல்வது என்று வந்தால், யார் யாரிடம் கற்றது? சிலப்பதிகாரத்தின் பதிகமே அந்த நூலை ‘உரையிடை யிட்ட பாட்டுடைச் செய்யுள்’, அதாவது நடுநடுவே உரைநடை கலந்த பாட்டு, என்று சொல்கிறது. அதன் உரைபெறு கட்டுரையில் கொங்கு இளங்கோசர் தங்கள் நாட்டில் கண்ணகிக்கு விழா எடுத்த செய்தியும் இருக்கிறது. இன்னும் வீட்டுப் பக்கத்தில் வேண்டுமென்றால், பெருங்கதை. பெருந்துறைக்குப் பக்கத்து விஜயமங்கலம்தான் அதை எழுதிய கொங்குவேளிர் ஊர் என்பது வழிவழியாக வரும் செய்தி. உதயணன் என்ற அரசன் யாழ் வாசிப்பதும் சிறைப்படுவதும் காதலிப்பதும் காடு வழி தப்பி ஓடுவதுமாக, முழுக்க முழுக்க ஆசிரியப்பாவில் ஓடும் நீண்ட கதை. தொடக்கமும் முடிவும் நமக்குக் கிடைக்கவில்லை. கிடைத்ததை உ.வே.சாமிநாதையர் 1924இல் பதிப்பித்தார். பைபாஸில் பஸ்ஸில் தாண்டிப் போகும் ஊர்க்காரர் ஒருவர் இத்தனை பெரிய கவிதைக் கதை எழுதியிருக்கிறார் என்றால் பிள்ளைகள் நம்புவதில்லை. பாடப் புத்தகத்தில் ‘ஐம்பெருங்காப்பியம்’ பட்டியலில் அது இல்லாததால், பரீட்சைக்கும் வருவதில்லை.

அண்ணன்மார் கதைக்கும் உங்கள் எழுத்துக்கும் தொடர்பு உண்டா?

நிறைய. பொன்னர், சங்கர் என்ற அண்ணன்மாரும் தங்கை தங்காளும் வரும் அந்தக் கொங்குக் கதையை உடுக்கையடித்துப் பாடுவதைச் சின்ன வயதில் கோயில் நோம்பிகளில் கேட்டிருக்கிறேன். பாட்டாகவே விடிய விடியப் போகாது. கொஞ்சம் பாட்டு, கொஞ்சம் வசனம், பிறகு பாட்டு. கதை வேகமாக நகர வேண்டிய இடத்தில் வசனம் வரும். தங்காள் அழ வேண்டிய இடத்தில், கதையை நிறுத்திவிட்டுப் பாட்டு வரும். பின்பாட்டுக்காரர் ‘ஆமா’ போடும் இடமெல்லாம் கேட்பவர் மூச்சு விடும் இடம். 1965இல் பிரெண்டா பெக் என்ற கனடா நாட்டு மானுடவியல் ஆய்வாளர் காங்கயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி, உடுக்கைப் பாட்டுக்காரர்கள் பாடிய இந்தக் கதையை முழுதாக டேப்பில் பதிவு செய்தார். புத்தகமாகவும் கொண்டுவந்தார்.

நான் எடுத்துக்கொண்டது அந்த மாறி மாறி வரும் ஓட்டத்தை. மில் கதையில் வேலை, சம்பளம், பஸ், விடுதி என்று நடப்பு நகரும் பக்கங்கள் நீள வரியில், ஏறக்குறைய வசனமாகவே ஓடும். அவள் தனியாக இருக்கும் பக்கங்களில் வரி சுருங்கிவிடும். முழு நைட் ஷிப்ட் பக்கங்களில் நிறுத்தற்குறியே கிடையாது. விடிய விடிய ஸ்பின்னிங்கில் நின்று இழை ஒட்டுகிற பிள்ளைக்கு எங்கே முற்றுப்புள்ளி?

இன்னொன்று: அந்தக் கதையை எல்லாரும் அண்ணன்மார் வீரமாகவே சொல்கிறோம். எனக்குத் தங்காள்தான் கதைக்காரி. படுகளத்தில் கடைசியில் நிற்பது அவள்.

யாப்பு தெரியாமல் எழுதலாமா? எதுகை மோனை வேண்டாமா?

எழுதலாம். தெரிந்துவிட்டு எழுதாமல் இருப்பது இன்னும் நல்லது.

ஆத்துக் கதையில் அப்பிச்சி வரும் இடங்கள் மட்டும் ஆசிரியப்பாவில் இருக்கின்றன. அந்தக் காலத்து மனுசன், கோயில் பாட்டெல்லாம் மனப்பாடம். பேரனிடம் ஆற்றைப் பற்றிச் சொல்கிறார்:

வெள்ளி யங்கிரி மலைவழி இறங்கி
காடும் தோப்பும் கண்திறந் தோடி
பேரூர் தொட்டுத் திருப்பூர் புகுந்து
ஒரத்துப் பாளைய அணையில்
நுரைத்தது நொய்யல் நீலம் பூத்தே.

அடிக்கு நான்கு சீர், கடைசிக்கு முந்தின அடியில் மட்டும் மூன்று, முடிவில் ஏகாரம். நேரிசை ஆசிரியப்பாவின் இலக்கணம் அதுதான். அந்த மூன்று சீர் அடியில்தான் அணையை வைத்தேன். படித்துக்கொண்டே வரும்போது அங்கே ஒரு சீர் குறைவது காதுக்குத் தெரியும். ஆறு நின்றுபோகும் இடமும் அதுதான். இலக்கணம் இப்படி வேலை செய்தால் வைத்துக்கொள்கிறேன். வேலை செய்யாமல் சும்மா சலங்கை கட்டிக்கொண்டு ஆடினால் கழற்றிவிடுகிறேன். எதுகைக்காக வந்து உட்காரும் சொற்களைப் பதினைந்து வயதுக்காரர்கள் உடனே கண்டுபிடித்துச் சிரித்துவிடுவார்கள்.

தம்பி பேசும் பக்கங்களில் யாப்பே இல்லை. அவன் எட்டாவது படிக்கிறான், அப்பிச்சி மாதிரிப் பேசினால் நன்றாகவா இருக்கும்?

ஆத்துக் கதை நடந்த கதையா?

ஆட்கள் கற்பனை, ஆறு நிஜம். ஒரத்துப்பாளையம் அணை 1992இல் பாசனத்துக்காகக் கட்டி முடித்தது. மேலே திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு வந்து தேங்கத் தேங்க, அந்தத் தண்ணீரை வயலுக்கு விட்டால் மண் கெடும் என்ற நிலை ஆனது. எந்த விவசாயிக்காக அணை கட்டினார்களோ, அவர்களே ‘தண்ணி திறக்காதீங்க’ என்று கேட்கும்படி ஆகிவிட்டது. வழக்கு நடந்தது. கழிவு ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனையை நிறைவேற்றவில்லை என்று 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதும், நூற்றுக்கணக்கான பட்டறைகள் ஒரே அடியாக மூடப்பட்டன.

என் கதையில் தம்பி அணைக்குக் கீழே அப்பனோடு தென்னை காய்ந்து போவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அண்ணன் திருப்பூரில் சாயப்பட்டறையில் வேலை செய்து அந்தக் குடும்பத்துக்கே சோறு போடுகிறான். யார் பக்கம் நிற்பது? இதற்கு விடை எனக்குத் தெரிந்திருந்தால் கட்டுரை எழுதியிருப்பேன்.

வடிவமும் இதிலிருந்தே வந்தது. இடது பக்கம் தம்பி, வலது பக்கம் அண்ணன். பட்டறை மூடினதும் சில பக்கங்களுக்கு வலது பக்கம் வெறுமையாக இருக்கும். அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டான். அச்சகத்திலிருந்து கூப்பிட்டு, ‘ஏனுங்க, மேட்டர் விட்டுப்போச்சுங்களா?’ என்று கேட்டார்கள். சரியான வாசகர்.

மில் கதையில் வரும் மில் எது?

எதுவும் இல்லை, பல பேர் சொன்னதைச் சேர்த்தது. ‘சுமங்கலித் திட்டம்’, ‘திருமகள் திருமணத் திட்டம்’ என்றெல்லாம் நோட்டீஸ் ஒட்டி, மூன்று வருடம் விடுதியில் தங்கி வேலை செய்தால் முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை என்று பதின்ம வயதுப் பெண் பிள்ளைகளைச் சேர்த்த காலம் ஒன்று இருந்தது. நடுவில் நின்றுவிட்டால் அந்தத் தொகை கைக்கு வராது என்பதுதான் அதில் இருந்த பூட்டு. தெற்குச் சீமையிலிருந்தும் காவிரிப் பாசன ஊர்களிலிருந்தும் கூட்டமாக வந்தார்கள். என் கதாநாயகி மட்டும் உள்ளூர்க்காரி. வீடு பஸ் தூரத்தில்தான், போகத்தான் விட மாட்டார்கள். தூரம் அதிகம் என்றால் அழுது தீர்த்துவிடலாம். ஊர்ப் பஸ்ஸின் ஹாரன் சத்தம் விடுதிக்குள் கேட்டால் என்ன செய்வது?

கொங்குப் பேச்சில் எழுதினால் தஞ்சாவூர், நெல்லைப் பிள்ளைகளுக்குப் புரியுமா?

வெடியால, பொழுதோட, ஒறம்பரை, இட்டேரி, அம்மிச்சி, வெசனம். இவை எதுவும் வாக்கியத்தோடு வரும்போது புரியாமல் போவதில்லை. தூத்துக்குடியிலிருந்து ஒரு மாணவி, ‘இட்டேரி என்றால் இரண்டு பக்கமும் வேலி இருக்கும் பாதையா? படிக்கும்போதே அப்படித்தான் நினைத்தேன்’ என்று எழுதியிருந்தார். அதற்கு மேல் அருஞ்சொற்பொருள் எதற்கு? பின்னிணைப்பு வேண்டும் என்று கேட்டவர்கள் எல்லாரும் பெரியவர்கள்.

எழுத்தில் அளவு வைத்துக்கொள்கிறேன். பேச்சில் ‘என்ற அப்பன்’ வரும், எழுதும்போது எல்லா ‘என்’னையும் ‘என்ற’ ஆக்கினால் கண் தடுக்கும். ஆனால் ‘ங்க’வை மட்டும் விடுவதில்லை. பெற்ற அம்மாவிடமே ‘இல்லீங்மா’ என்று சொல்லும் ஊர் இது. மில் கதையின் கடைசிப் பகுதியில் அவள் முதல் தடவையாக ‘இல்லம்மா’ என்கிறாள். நம் பக்கத்துப் பிள்ளைகள் அந்த இடத்தில் நிமிர்ந்துவிடுகிறார்கள். மற்ற ஊர்க்காரர்களுக்கு அது தவறிப் போகலாம். போகட்டும், கதை அதனால் நின்றுவிடாது.

தமிழில் இளையோருக்கு என்று தனி இலக்கியம் இருக்கிறதா?

சிறுவர் கதைகள் உண்டு, சாகித்திய அகாதெமி 2010 முதல் பால சாகித்திய விருதும் கொடுக்கிறது. அதற்கு அடுத்த படிதான் காலி. பேசும் முயலிலிருந்து நம் பிள்ளைகள் நேரே பொன்னியின் செல்வனுக்குத் தாவ வேண்டியிருக்கிறது. தாவ முடிந்தவர்கள் வாசகர் ஆகிறார்கள். மற்றவர்களுக்குப் போன் இருக்கிறது.

கோவையில் வானம்பாடி இயக்கம் இருந்ததே, அதன் தொடர்ச்சி என்று சொல்லலாமா?

மரியாதையோடு, இல்லை. 1971இல் கோவையிலிருந்து வானம்பாடி இதழ் வந்தபோது புதுக்கவிதை மேடையேறியது, ஆயிரம் பேருக்குக் கேட்கும்படி முழங்கியது. நான் எழுதுவது ஒரே ஒரு பிள்ளை, போர்வைக்குள் வைத்துப் படிப்பதற்கு. ஆனால் அந்தக் கவிஞர்களில் ஒருவரான சிற்பி, பின்னாளில் தன் ஊரையும் ஆற்றையும் ஊர் மனிதர்களையும் வரிசையாகக் கவிதையாக்கிய ‘ஒரு கிராமத்து நதி’யை, அதற்கு 2002ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதும் கிடைத்தது, எழுத ஆரம்பிக்கும் பிள்ளைகளிடம் தவறாமல் கொடுக்கிறேன். ஒரு ஊரைக் கவிதைக்குள் எப்படிக் குடிவைப்பது என்பதற்கு நல்ல பாடம்.

காதல், மாதவிடாய், சாதி எல்லாம் வருகிறதே. பள்ளி நூலகத்தில் வைக்கலாமா?

பதின்மூன்று வயதுக்கு மேல் தாராளமாக. அதற்குக் கீழே என்றால் பெரியவர் ஒருவர் கூடப் படித்தால் நல்லது.

சாதிப் பெயர் என் புத்தகத்தில் ஒரு இடத்திலும் இல்லை. அது பயத்தினால் அல்ல. ‘எந்த ஊரு? ஊருக்குள்ளயா, அந்தப் பக்கமா?’ என்ற கேள்வி ஒன்றை எழுதினால் போதும், நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மிச்சம் எல்லாம் தெரியும். எட்டாவது படிக்கும்போதே தெரியும்.

காதலைப் பற்றி ஒரு தலைமையாசிரியர் ரொம்பக் கவலைப்பட்டார். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டை பஸ் நிலையத்தின் அருகே, சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட இளைஞரைப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்ற காட்சி கண்காணிப்புக் கேமராவில் பதிவாகி எல்லா டிவியிலும் ஓடியது. பிள்ளைகள் அதைப் பார்த்தார்கள். அன்றைக்கு யாரும் ‘வயது போதாது’ என்று டிவியை அணைக்கவில்லை. வெட்டு தெரியலாம், காதல் தெரியக்கூடாது என்பது என்ன கணக்கோ.

பக்கத்தில் பாதிக்கு மேல் காலியாக இருக்கிறது. காகிதம் வீண் இல்லையா? விலை ஏறுமே?

ஏறும். பதினாறு பக்கம் ஒரு ஃபாரம் என்று அச்சகக் கணக்கு. வரி குறைவு என்பதற்காகத் தாள் விலை குறையாது. பதிப்பாளர் ஒருவர் ஒரு பக்கத்தில் இரண்டு கவிதை போட்டால் பாதி விலையில் முடிக்கலாமே என்றார். வாதம் சரி, புத்தகம் செத்துவிடும். ‘நீ / எப்ப’வுக்குக் கீழே அடுத்த கவிதை ஆரம்பித்தால், அம்மா நிறுத்திய இடத்தில் வேறு யாரோ பேச ஆரம்பித்த மாதிரி இருக்கும். கடைசியில் டெமி அளவை விட்டு, கையடக்கமான சின்ன அளவுக்கு இறங்கினோம். விலையும் கட்டுக்குள் வந்தது, பள்ளிப் பையிலும் நுழைகிறது.

எல்லா வரியையும் நடுவில் நிறுத்தி அடிக்க வேண்டாம் என்பது என் இன்னொரு பிடிவாதம். நடுவில் நிறுத்தினால் கல்யாணப் பத்திரிகை ஆகிவிடுகிறது.

இ-புத்தகம் ஏன் இல்லை?

தமிழ்ச் சொற்கள் நீளம். ‘போயிருந்திருக்கலாமுங்க’ என்ற ஒரு சொல்லே போன் திரையில் ஒரு வரியை அடைத்துக்கொள்ளும். வாசகர் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினால், நான் உடைக்காத இடத்தில் திரை உடைத்துவிடும். எது என் உடைப்பு, எது போன் உடைப்பு என்று தெரியாமல் போய்விடும். வரி மாறாத பிடிஎஃப் மட்டும், பார்வைக் குறைபாடு உள்ள மாணவர்கள் கேட்டால் பெரிய எழுத்தில் அனுப்புகிறேன்.

ஆங்கிலத்தில் எதைப் படிக்கலாம்?

முதலில் பத்மா வெங்கட்ராமனின் ‘எ டைம் டு டான்ஸ்’ (2014). சென்னைக்காரர், கடலியல் படித்தவர். விபத்தில் காலை இழந்த பரதநாட்டியப் பெண் செயற்கைக் காலோடு மறுபடி ஆடக் கற்கும் கதை. நம் ஊரை ஆங்கிலக் கவிதை நாவலில் பார்ப்பது ஒரு தனி அனுபவம். அடுத்து ஜேசன் ரெனால்ட்ஸின் ‘லாங் வே டவுன்’ (2017). அண்ணனைச் சுட்டவனைச் சுடக் கிளம்பிய பையன் லிஃப்டில் இறங்குகிறான், தளத்துக்குத் தளம் லிஃப்ட் நிற்கிறது, முழு நாவலும் அந்த ஒரு நிமிடம்தான். வடிவம் கதைக்குள்ளிருந்தே வருவதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஜாக்குலின் உட்ஸனின் ‘பிரவுன் கேர்ள் டிரீமிங்’ (2014) நாவல் இல்லை, தன் பால்யத்தையே கவிதையில் சொன்னது. ஆங்கிலம் தடுமாறும் பிள்ளைகளுக்கும் இவை நல்லவை. வரி சின்னது, அகராதி அதிகம் வேண்டாம்.

நான் பதினோராவது படிக்கிறேன். எனக்கும் எழுத ஆசை. எங்கே ஆரம்பிப்பது, அக்கா?

வானம், நிலா, கண்ணீர் மூன்றையும் கொஞ்ச நாளைக்குத் தொடாதே, கண்ணு. உன் வீட்டில் யாராவது இரண்டு பேர் பேசிக்கொள்வதை அப்படியே எழுது. அம்மா பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டிவிட்டு வந்து, சனிக்கிழமைச் சம்பளத்தை எண்ணும்போது அப்பாவிடம் என்ன சொல்கிறார்? ‘எவ்வளவு?’ என்பதற்கும் பதிலுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் ஆகிறது? அந்த நேரத்தைப் பக்கத்தில் எப்படிக் காட்டுவாய்? இதைச் செய்து பார்.

பிறகு வாய்விட்டுப் படி. மூச்சு முட்டும் இடத்தில் வரி நீளம் என்று அர்த்தம்; அங்கே மூச்சு முட்டத்தான் வேண்டும் என்றால் விட்டுவிடு. கவிதைகள் கொஞ்சம் சேர்ந்ததும் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ‘இதற்கு முன் தெரியாத எது இதில் தெரிகிறது?’ என்று ஒரு வரி எழுது. எழுத வரவில்லை என்றால் அந்தக் கவிதை எவ்வளவு அழகாக இருந்தாலும் நாவலில் அதற்கு வேலை இல்லை, எடுத்துவிடு. அதைத் தனியாகப் பத்திரிகைக்கு அனுப்பிக்கொள்ளலாம்.

திருத்தித் தருவீர்களா?

பத்துப் பக்கம் வரை படிக்கிறேன். திருத்த மாட்டேன், எங்கே தூக்கம் வந்தது என்று மட்டும் சொல்வேன்.

சினிமாவாக எடுக்கக் கேட்டார்களா?

கேட்டார்கள். கதாநாயகிக்குக் காதலன் ஒருவன் வேண்டுமாம்.

பள்ளி ஆண்டு விழாவில் நடிக்கலாமா? அனுமதி வேண்டுமா?

பள்ளிக்குள் என்றால் அனுமதியும் வேண்டாம், பணமும் வேண்டாம். டிக்கெட் போட்டால் மட்டும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஆத்துக் கதையை இரண்டு பேர் மேடையின் இரண்டு ஓரத்தில் நின்று மாறி மாறிப் படித்தாலே போதும். அண்ணன் பக்கம் காலியாக வரும் இடங்களில் அண்ணனாக நிற்கும் பிள்ளை ஒன்றும் பேசாமல் நிற்க வேண்டும், அந்த நேரத்தை யாரும் ஓட்டிவிடக் கூடாது. தாராபுரம் பக்கம் ஒரு பள்ளியில் அந்த இடத்தில் சோக வயலின் போட்டார்கள். தயவுசெய்து வேண்டாம். மைக் ஆஃப் ஆகிவிட்டதோ என்று முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் சிறப்பு விருந்தினர் திரும்பிப் பார்த்தால், பிள்ளைகள் சரியாகச் செய்கிறார்கள் என்று அர்த்தம்.